ஓடை வழியே இரண்டு கிலோமீட்டர்

வாரத்தில் ஐந்து நாள், சில வாரம் ஆறு நாள், இளவரசன் ஓட்டுவது சர்க்கார் வண்டி. வெள்ளை நிறம், ஏழு பேர் உட்காரலாம், சாவியைத் திருக வேண்டியதில்லை, பொத்தானைத் தொட்டால் போதும். பின் இருக்கையில் அதிகாரி கோப்பு பார்த்துக்கொண்டு வருவார். வேங்கிக்கால் ஆபீசிலிருந்து கிளம்பி ரமணாசிரமம் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவார். ஒரு மழைக்காலத்தில் செங்கம் பக்கத்து மண் பாதையில் போய்க்கொண்டிருந்தபோது கண் விழித்து, "இங்க எப்பப்பா ரோடு போட்டாங்க?" என்று கேட்டார். யாரும் ரோடு போடவில்லை. குழிக்குக் குழி தண்ணீர் நின்றது. வண்டி அவருக்கு அதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்த வண்டிமேல் இளவரசனுக்கு இருந்த கோபமே அதுதான். கீழே கல் இருக்கிறதா சேறு இருக்கிறதா என்று ஓட்டுகிறவனுக்கே தெரியாமல் ஒரு வண்டி எப்படி இருக்கலாம்? "சோபாவுல உக்காந்துனு டிவி பாக்கற மாதிரி இருக்குது" என்பான் மனைவி மணியம்மாளிடம். அவள், "அதுக்குத்தான் மாசம் பொறந்தா சம்பளம் குடுக்கறாங்க, பாத்துனே வா" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டுவது அவனுடைய சொந்த வண்டி. கரும்பச்சை ஜீப். அதுவும் ஒரு காலத்தில் சர்க்கார் வண்டிதான். இருபத்தைந்து வயதில் வேலைக்குச் சேர்ந்த மறு வருஷம் அவன் கையில் கொடுத்தார்கள்; பதினைந்து வருஷம் ஓட்டினான். ஏரி உடைந்த வருஷத்தில் இடுப்பளவு தண்ணீரில் பதினோரு பேரை அதில் ஏற்றிக்கொண்டுவந்து பள்ளிக்கூடத்தில் சேர்த்தான். அப்புறம் ஆயுள் முடிந்தது என்று எழுதி, ஆபீஸ் பின்பக்கம் புங்கமரத்தடியில் நிறுத்திவிட்டார்கள். இரண்டு வருஷம் அதில் இலை விழுந்துகொண்டிருந்தது. ஏலம் வந்தபோது வேலூரிலிருந்து வந்த பழைய இரும்பு வியாபாரிகளோடு போட்டி போட்டு அதை எடுத்தான். "அதுல ஏறி எறங்குன ஆபீசருங்களே போய்த் தொலையட்டும்னு வுட்டுட்டாங்க. நீ போய்க் கட்டினு வந்துக்கிற" என்றாள் மணியம்மாள்.

அந்த ஜீப்பின் ஸ்டியரிங்கைக் கால் சுற்று திருப்பிய பிறகுதான் சக்கரம் திரும்ப யோசிக்கும். நாலு சக்கரமும் இழுக்க வேண்டுமென்றால் கீழே இறங்கி முன்சக்கரத்து நடுவிலுள்ள மூடியைக் கையால் திருக வேண்டும். கதவு கிடையாது, துணிக்கூரைதான். சத்தத்தில் ஏதாவது மாறினால் ஸ்குரூடிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பான். எங்கே தேய்கிறது என்று சொல்லிவிடுவான். 

ஊரில் இப்படி இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள். ஹார்டுவேர் கடை ராஜா, ரிடையரான ஒரு மிலிட்டரிக்காரர், இன்னும் மூன்று பேர். ஞாயிறு காலையில் அடி அண்ணாமலையில் டீ குடித்துவிட்டு மலையடிவாரம், வற்றிய ஏரி, ஆற்றுப்படுகை என்று எங்காவது கிளம்பிவிடுவார்கள். புது மாடல் பெரிய கார்கள் எல்லாவற்றுக்கும் அவர்கள் வைத்திருந்த ஒரே பெயர் 'தலகாணி'. கூட்டத்துக்கு ஒரு சட்டமும் உண்டு: சேற்றிலோ மணலிலோ மாட்டிக்கொண்டு கயிறு கேட்டவன், அடுத்த வாரம் எல்லாருக்கும் பிரியாணி போட வேண்டும். இளவரசன் ஒரு முறைகூடப் போட்டதில்லை. அதை அவன் சொல்லிக்காட்டுவதில்லை, ராஜா சொல்வான்.

பிரியாணி போடாமலிருப்பதற்காகத்தான் அந்தத் தை மாதம் ஒரு வேலை செய்தான். நாலு சக்கரத்துக்கும் ஸ்பிரிங்கில் இரண்டிரண்டு பட்டை கூடுதலாகப் போட்டுக் கட்டினான். வண்டி நாலு விரற்கடை உயர்ந்தது. எந்தக் கல்லும் அடிவயிற்றில் தட்டாது. ஆனால் ஆள் கனத்துக்கு அந்தப் பட்டைகள் மடங்கவே மடங்காது. ஒரு முறை உட்கார்ந்து பார்த்த மணியம்மாள் கோவில் வரை போய்விட்டு, திரும்பும்போது ஆட்டோவில் வந்தாள்.

மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் கூட்டம் அவன் தங்கை வள்ளியின் நிலத்துக்குப் போனது. செங்கத்துக்கு மேற்கே, ஜவ்வாது மலையின் அடியில் இருந்தது அது. வள்ளியின் புருஷன் தருமன் அங்கே கேழ்வரகும் மணிலாக்கொட்டையும் போட்டிருந்தான். வரப்போரம் ஒன்பது புளியமரங்கள். தார் ரோட்டிலிருந்து நிலத்துக்கு இரண்டு வழி. ஏரிக்கரை மேல் சுற்றிக்கொண்டு வந்தால் ஆறு கிலோமீட்டர், சமமான மண் பாதை; யார் வேண்டுமானாலும் வரலாம். ஓடை வழியே வந்தால் இரண்டு கிலோமீட்டர்தான். மூன்று இடத்தில் ஓடையைக் கடக்க வேண்டும், மூன்றும் உருண்டைக் கல். கூட்டம் எந்த வழியில் போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அன்றைக்குப் புதிதாக இனியன் என்று ஒரு பையன் கூட வந்திருந்தான். பேங்க்கில் வேலை, அவனிடம் இருந்தது தலகாணி. அதைத் தார் ரோட்டோரம் நிறுத்திவிட்டு ராஜாவின் ஜீப்பில் ஏறச் சொன்னார்கள்.

"ஏரிக்கரை வழியா என் வண்டியே வருமே அண்ணா" என்றான் இனியன்.

"வரும் தம்பி. கோடு வுழுந்தா நீ அழுவ, எங்களால பாக்க முடியாது" என்றான் ராஜா.

தருமனுக்கு இந்த ஜீப் என்றால் உயிர். கல்யாணமான புதிதில் மச்சான் சர்க்கார் ஜீப்பில் வந்து இறங்கியதை ஊரே பார்த்தது என்று இன்னமும் சொல்வான். அன்று கோழி அடித்து, கூட்டத்துக்குச் சமையல் ஆகிக்கொண்டிருந்தது. மகள் கவிநிலா நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறவள், லீவுக்கு வந்திருந்தாள். புளி உலுக்க வர வேண்டிய ஆள் வரவில்லை. இரண்டு பெண்கள் மட்டும் பொறுக்க வந்து காத்திருந்தார்கள். சாப்பாடு ஆவதற்குள் ஒரு மரம் பார்த்துவிடலாம் என்று தருமனே ஏறினான். பதினொரு மணிக்குச் சற்று முன்னால் கிளை முறிந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தபோது மல்லாந்து கிடந்தான். நினைவு இருந்தது. ரத்தம் இல்லை. "இடுப்பு, இடுப்பு" என்று மட்டும் சொன்னான். வள்ளி பாய் எடுக்க வீட்டுக்குள் ஓடினாள். கவிநிலா அவன் காலருகே மண்டியிட்டு, "அப்பா, கால் விரல ஆட்டு" என்றாள். ஆட்டினான். இரண்டு காலிலும், கட்டைவிரல் கொஞ்சம் ஜாஸ்தியாக, மற்ற விரல்கள் கொஞ்சம் கம்மியாக. இளவரசன் அதைக் குனிந்து பார்த்தான். அவனுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

இனியன் அதற்குள் நூற்றெட்டுக்குப் போன் போட்டுவிட்டான். ஏரிக்கரை வழியைச் சொன்னான். நாற்பது நிமிஷத்தில் வந்துவிடுவோம், ஆளை அசைக்க வேண்டாம், அப்படியே படுக்க வைத்திருங்கள் என்றார்கள். அதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னான்.

"நாப்பது நிமிஷமா?" என்றான் இளவரசன். "அதுக்குள்ள நான் செங்கமே போயிடுவேன்."

"அசைக்காதீங்க மாமா" என்றாள் கவிநிலா. "முதுகெலும்பா இருந்தா அசைக்கவே கூடாது. அவங்ககிட்ட அதுக்குன்னு பலகை இருக்கும்."

"விரல்தான் ஆடுதே, நீயே பாத்தியே."

"அதனாலதான் சொல்றேன்."

தருமன் மறுபடி முனகினான். பாயோடு வந்த வள்ளி புருஷனைப் பார்த்துவிட்டு அண்ணனைப் பார்த்தாள். "இன்னாண்ணா நின்னுனுருக்கிற? ஏதாவது பண்ணு." மிலிட்டரிக்காரர் தொண்டையைச் செருமினார். ராஜா தன் ஜீப்பைத் திருப்ப ஆரம்பித்திருந்தான். எல்லாரும் இளவரசன் முகத்தைத்தான் பார்த்தார்கள். ஏரி உடைந்த வருஷத்தில் பதினோரு பேர் அப்படிப் பார்த்திருக்கிறார்கள்.

"நீ படிச்சி முடிம்மா, அப்புறம் சொல்லு" என்றான் கவிநிலாவிடம். கடுமையாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

கயிற்றுக்கட்டிலோடு தூக்கி ஜீப்பின் பின்பக்கம் குறுக்கே வைத்தார்கள். வள்ளி தலையைப் பிடித்துக்கொண்டாள், பொறுக்க வந்த பெண்கள் இருவரும் கட்டிலைப் பிடித்துக்கொண்டார்கள். முன்சக்கரத்து மூடிகளைத் திருகிவிட்டு வந்து இளவரசன் ஏறினான். மெதுவாகத்தான் போனான். இதை அவன் பிறகு பல பேரிடம் பல தடவை சொன்னான், பொய்யில்லை. நடக்கிற வேகத்தில்தான் போனான். ஆனால் அந்த ஜீப்புக்கு மெதுவாக இடிக்கத் தெரியாது. ஒவ்வொரு கல்லிலும் ஏறி, அந்தப் பக்கம் அப்படியே தொப்பென்று இறங்கியது. கீழே என்ன இருக்கிறது என்பதை ஒன்றுவிடாமல் மேலே சொன்னது.

முதல் கடவையில் தருமன் கத்தினான். இரண்டாவதில் இன்னும் சத்தமாகக் கத்தினான். மூன்றாவதற்கு முன்னால், "மச்சான், காலு மரத்துப்போச்சு" என்றான். வலி குறைந்தவன் போல நிதானமாகச் சொன்னான். இளவரசன், "தோ வந்துட்டோம் மாப்ள" என்றான். மூன்றாவது கடவையில் கட்டிலின் கால் எகிறி விழுந்தது. தருமன் கத்தவில்லை.

தார் ரோட்டுக்கு ஏறும்போது இருபத்தெட்டு நிமிஷம் ஆகியிருந்தது. ஏரிக்கரைப் பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டுக்கொண்டு ஆம்புலன்ஸ் எதிரே வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய பெண் தருமனின் பாதத்தைக் கிள்ளிப் பார்த்தாள். பேனா முனையால் கீறிப் பார்த்தாள். "விரல ஆட்டுங்க அண்ணா" என்றாள்.

"ஆட்டினுதான் இருக்கறேன்" என்றான் தருமன்.

ஆம்புலன்ஸில் ஒருவரைத்தான் ஏற்றிக்கொண்டார்கள், வள்ளி ஏறினாள். பின்னால் ராஜாவின் ஜீப்பில் வந்திறங்கிய கவிநிலாவிடம் இளவரசன், "காப்பீட்டு அட்டையும் ஆதாரும் வேணும்னு கேப்பாங்க. இனியன் வண்டியில வூட்டுக்குப் போய் எடுத்துனு வா" என்றான். அட்டை தேவைதான். ஆனால் அவளை அந்த நேரத்தில் அங்கிருந்து அனுப்ப வேண்டும் என்று தனக்குத் தோன்றியதா இல்லையா என்பதை, பிறகு அவனால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர் கேட்ட கேள்விகளுக்கு அவன்தான் பதில் சொன்னான். வள்ளிக்குப் பேச்சே வரவில்லை. பெயர், வயசு, எத்தனை அடி உயரம். எல்லாம் சரியாகத்தான் சொன்னான்.

"விழுந்ததுமே கால் போயிடுச்சா, இல்ல கொஞ்ச நேரம் அசைவு இருந்து அப்புறம் போச்சா?"

இளவரசன் ஒரு மூச்சு இழுத்தான். "விழுந்ததுமே சார்."

டாக்டர் எழுதிக்கொண்டார்.

அவ்வளவுதான் நடந்தது. மிரட்டவில்லை, ஏமாற்ற நினைக்கவில்லை. 'எப்படிக் கொண்டு வந்தீங்க?' என்ற அடுத்த கேள்வி வந்துவிடக் கூடாதே என்றுதான் அவனுக்கு இருந்தது. அது வரவும் இல்லை.

கவிநிலா அட்டையோடு வந்து சேர்ந்தபோது ஸ்கேன் முடிந்திருந்தது. ராத்திரி ஆண்கள் வார்டில் பெண்கள் தங்கக் கூடாது என்றார்கள். இளவரசன் தங்கினான்.

இதற்குள் ராஜா ஒரு வேலை செய்திருந்தான். ஓடையில் முன்னால் போன இளவரசனின் ஜீப்பைத் தன் ஜீப்பிலிருந்து யாரோ போனில் எடுத்திருந்தார்கள். அதில் பாட்டு சேர்த்து, 'உயிர் காத்த இரும்புக் குதிரை' என்று எழுதிப் போட்டுவிட்டான். ராத்திரிக்குள் நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். தலகாணி வண்டி அங்கே போகுமா என்று ஒருவன் கேட்டிருந்தான். நூற்றுக்கணக்கானவர்கள் கைகூப்பியிருந்தார்கள். வார்டு வராண்டாவில் உட்கார்ந்து இளவரசன் அதை ஒரு முறை பார்த்தான். சத்தத்தைக் குறைத்துக்கொண்டு பார்த்தும், பாட்டுக்கு அடியில் தருமன் கத்துவது அவன் காதுக்குக் கேட்டது.

காலையில் கவிநிலா வார்டுக்கு வந்ததும் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையை எடுத்துப் படித்தாள். படிக்கிற பிள்ளை, வேறென்ன செய்வாள். இரண்டு தடவை படித்தாள். வெளியே வந்து அவன் எதிரே நின்றாள்.

"யாரு மாமா சொன்னது, விழுந்ததுமே போயிடுச்சுனு?"

உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்றான்.

"அசைஞ்சுதுனு சொல்லியிருந்தா வேற மாதிரி பாத்திருப்பாங்க மாமா. நசுங்கினுருக்கற நரம்புக்கும் அறுந்துபோன நரம்புக்கும் வைத்தியம் வேற. அவசரம் வேற. இது உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். என்னை எதுக்கு அட்டை எடுக்க அனுப்பிச்சீங்க?"

"எனக்குப் பயமா இருந்துச்சும்மா."

"நானே போய்ச் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

வள்ளி ஃபிளாஸ்க்கோடு படியேறி வந்துகொண்டிருந்தாள். அவளைத் தாண்டித்தான் டாக்டர் அறைக்குப் போக வேண்டும். அந்த வராண்டா எழுபது எழுபத்தைந்து அடி இருக்கும். தண்ணீரிலும் மணலிலும் வண்டி நின்றபோதெல்லாம் இறங்கி நடந்திருக்கிறான். இந்த வராண்டாவை நடக்க அவனுக்கு அதையெல்லாம்விட அதிக நேரம் ஆனது. வள்ளி என்னவோ ஏதோவென்று பின்னாலேயே வந்தாள்.

அன்று இருந்தது வேறு டாக்டர், இளம் பெண். அவன் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை.

"எத்தனை மணிக்கு அசைஞ்சுது?"

"பதினொண்ணு இருக்கும்மா. நேத்து."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பதே கால். அவனைத் திட்டவில்லை. போனை எடுத்து யாரையோ கூப்பிட்டாள், இன்னொருவரைக் கூப்பிட்டாள், உடனே சென்னைக்கு அனுப்ப வேண்டும் என்றாள். எல்லாரும் வேகமாக நடக்க ஆரம்பித்தார்கள். அந்த வேகத்தைப் பார்த்தபோதுதான் நேற்று தருமனிடமிருந்து தான் எதை எடுத்துக்கொண்டோம் என்பது இளவரசனுக்கு முழுசாகப் புரிந்தது.

வள்ளி கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். "அசைஞ்சுதா?" என்றாள்.

"அசைஞ்சுது."

"எந்தக் காலு?"

"ரெண்டும்."

அவள் ஃபிளாஸ்க்கை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். அது சாயாமல் நிற்கிறதா என்று கை வைத்துப் பார்த்தாள். பிறகு புருஷனிடம் போனாள்.

சென்னையில் அன்று ராத்திரியே ஆபரேஷன் நடந்தது. ஆறு வாரம் அங்கே இருந்தார்கள். இளவரசன் சனி ஞாயிறில் பஸ்ஸில் போய்விட்டு வந்தான். ஒரு தடவை அங்கிருந்த டாக்டரைத் தனியாகப் பிடித்து, முந்தின நாளே செய்திருந்தால் கால் வந்திருக்குமா என்று கேட்டான். அவர், "சொல்ல முடியாதுங்க. மரத்துல இருந்து விழுந்த அடியிலேயே வீக்கம் ஏறி ஏறிப் போயிருக்கலாம். வழியில போயிருக்கலாம். லேட்டானதால போயிருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது" என்றார். ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒன்றைக் கேட்டுக்கொண்டு போகலாம் என்று வந்தவன் இரண்டும் இல்லாமல் பஸ் ஏறினான்.

தருமன் நடக்கவில்லை. இனி நடக்க மாட்டான் என்று சித்திரையில் எழுதிக் கொடுத்தார்கள்.

இளவரசன் ராஜாவிடம் அந்த வீடியோவை எடுத்துவிடச் சொன்னான். "மூணு லட்சம் பேர் பாத்துட்டாங்கப்பா, இப்ப போய் எடுக்கச் சொல்றியே" என்றான் ராஜா. என்ன நடந்தது என்று சொன்ன பிறகு எடுத்துவிட்டான். அதற்குள் அது எங்கெங்கோ போய்விட்டிருந்தது. பெங்களூரிலிருந்து ஒருவன் ஜீப்பை விலைக்குக் கேட்டுப் போன் செய்தான். இளவரசன் விற்கவில்லை, ஓட்டவும் இல்லை. கூடுதல் பட்டைகளைக் கழற்றிவிடலாம் என்று ஒரு ஞாயிறு ஸ்பானரோடு அடியில் படுத்தான். எதற்கு என்று தோன்றவே எழுந்து வந்துவிட்டான். அது இப்போது தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் எங்கும் போவதில்லை. யாரும் கூப்பிடுவதும் இல்லை.

வள்ளி அவனோடு தேவைக்கு மேல் பேசுவதில்லை. கவிநிலா பேசுவாள், மருந்து, தேதி, பஞ்சு, பெட்ஷீட் என்று வேலை சம்பந்தமாக. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை தருமனைப் பயிற்சிக்குக் கூட்டிப்போக வேண்டும். தூக்கி வைக்க ஆள் பலம் வேண்டும், வண்டி வேண்டும். வேறு யார் இருக்கிறார்கள்? இனியன் தன் வண்டியைக் கொடுத்தான். அந்த வேலை அப்படித்தான் இளவரசனுடையதானது.

ஆடி மாதத்தில் ஒரு நாள். லீவு போட்டுவிட்டு ஏரிக்கரை வழியாக வண்டியைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தினான். ஆறு கிலோமீட்டரும் ஒரு கல் கூடத் தெரியவில்லை. தருமன் சக்கர நாற்காலியில் சட்டை போட்டுத் தலை வாரித் தயாராக இருந்தான். இளைத்திருந்தான். மீசையை மட்டும் முறுக்கி விட்டிருந்தான். அன்றைய நாளைப் பற்றி அவன் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. மகள் அவனிடம் சொல்லிவிட்டாளா, எவ்வளவு சொன்னாள் என்று இளவரசனுக்குத் தெரியாது. கேட்கத் தைரியம் வரவில்லை.

"தலகாணிதானா இன்னிக்கும்?" என்றான் தருமன்.

"ஆமா மாப்ள."

"ஜீப்பு எங்க மச்சான்?"

"வூட்டுல நிக்குது. அது உனக்கு வேணாம் மாப்ள. குலுக்கும்."

"குலுக்கட்டுமே" என்றான் தருமன். "எனக்குத் தெரியவா போவுது?"

சிரித்தான். வேடிக்கைக்குச் சொன்னானா, ஐந்து மாதமாக வைத்திருந்து சொன்னானா என்று அந்தச் சிரிப்பை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. கூடத்தில் நின்ற வள்ளி உள்ளே போய்விட்டாள். கவிநிலா வண்டியின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "தூக்குங்க மாமா, லேட்டாவுது" என்றாள்.

இளவரசன் குனிந்து அவன் அக்குளுக்கு அடியில் ஒரு கையையும் முழங்காலுக்கு அடியில் ஒரு கையையும் கொடுத்தான். தருமன் இரண்டு கையாலும் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டான். முகம் இத்தனை பக்கத்தில் இருந்தபோதும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. இருக்கையில் வைத்து, வேட்டியைச் சரிசெய்து, தொங்கிய இரண்டு பாதங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து மிதியடியின்மேல் நேராக வைத்தான். குளிர்ந்திருந்தன. பெல்ட்டை மாட்டினான்.

வண்டி கிளம்பியதே தெரியாமல் கிளம்பியது. ஏரிக்கரையில் இருபதுக்கு மேல் போகாமல் ஓட்டினான். பாதி தூரம் போனதும் தருமன், "இன்னா மச்சான், சவ ஊர்வலமா?" என்றான். "வேகமாத்தான் போயேன்."

இளவரசனால் முடியவில்லை. அதே இருபதில் போய்க்கொண்டிருந்தான்.